டச் ப்ரோப் வாங்கி அஞ்சு மாசம்: சென்டர் எடுக்க சூப்பர், அளவு பாக்க உஷார்

வீட்டு மொட்ட மாடி ரூம்ல ஒரு 3018 சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்றபடி தானா வெட்டுற சின்ன மெஷின்) வச்சு ஓட்டிட்டிருக்கேன், அலுமினியம் பிராக்கெட், டெல்ரின் (கெட்டியான பிளாஸ்டிக்) புஷ், அந்த மாதிரி சின்ன ஐட்டம்தான். இவ்வளவு நாள் பேப்பர் வச்சுதான் ஜீரோ (அளவு ஆரம்பிக்கிற புள்ளி) எடுப்பேன், அதாவது பிரிண்டர் பேப்பர் ஒரு துண்டு கிழிச்சு கட்டருக்கும் ஜாபுக்கும் (வெட்டுற பொருள்) நடுவுல விட்டு அது லேசா பிடிக்கிற வரைக்கும் எறக்கி, பேப்பர் கனம் 0.1 மிமீ கழிச்சுக்கிறது. ஒரு பக்கம் வெட்டிட்டு திருப்பி போட்டு மறுபக்கம் வெட்டுற ஜாபுக்கு இது கதைக்கே ஆவல, ஓட்டை ரெண்டும் கால் மில்லி தள்ளி நிக்கும். சரின்னு ஆன்லைன்ல ஒரு சீன டச் ப்ரோப் (ஜாப தொட்டதும் மெஷினுக்கு சிக்னல் குடுக்கிற கருவி) வாங்குனேன், மாட்டுற தண்டு 6 மிமீ, கீழ நீட்டிட்டிருக்கிற ஊசி (ஸ்டைலஸ்) நுனியில 2 மிமீ ரூபி பால். பெரிய கம்பெனி ப்ரோப் ஒண்ணு வாங்குற காசுக்கு என் மெஷின் மாதிரி பல மெஷின் வாங்கலாம், அதனால அந்த பக்கமே போகல.

உள்ள இருக்கிற சங்கதி பழசுதான். 1972ல கன்கார்டு விமான எஞ்சினோட மெல்லிசு பைப்ப அளக்கணும்னு டேவிட் மெக்மர்ட்ரி கண்டுபிடிச்சது, அடுத்த வருஷமே ரெனிஷா கம்பெனி ஆரம்பிச்சுட்டாங்க. மூணு சின்ன ராடு, ஒவ்வொண்ணும் ரெண்டு பால் மேல ஸ்பிரிங் அழுத்தத்துல உக்காந்திருக்கும், அது வழியாவே கரண்ட் ஓடும், நுனி எதுலயாச்சும் பட்டு சாஞ்சா ஒரு காண்டாக்ட் விடுபட்டு சர்க்யூட் கட். என்னோடதும் அதே டிசைன்தான், பினிஷிங்தான் கொஞ்சம் சுமார்.

டப்பால துல்லியம் 0.01 மிமீன்னு போட்டிருந்தான். ஒரே எடத்துல திரும்ப திரும்ப தொட்டா கிட்டத்தட்ட அந்த அளவுதான் வருது, அதுல பொய் இல்ல. ஆனா வந்த அன்னைக்கு கோலெட்ல (கட்டர பிடிக்கிற பிடி) மாட்டி டயல் கேஜ் வச்சு கையால சுத்தி பாத்தா நுனி 0.15 மிமீ ஆடுது. சைடுல நாலு கிரப் ஸ்குரூ இருக்கு, அத எதிரும் புதிருமா திருகி திருகி 0.02க்கு கொண்டு வர ஒரு சாயந்திரம் போச்சு. பாடில மார்க்கர் கோடு ஒண்ணு போட்டு எப்பவும் அதே திசைல மாட்டுங்க, இல்லன்னா செஞ்ச வேலை வீண்.

வயரிங் ஜிஆர்பிஎல் (மெஷின ஓட்டுற மென்பொருள்) போர்டுல ஏ5 பின். ப்ரோப் நார்மலி குளோஸ்டு (தொடாதப்ப சர்க்யூட் மூடியிருக்கும்), அதனால டாலர் 6 ($6, ப்ரோப் சிக்னல தலைகீழாக்குறது) செட்டிங்க 1ன்னு மாத்தணும், மாத்தலன்னா தொடாமயே தொட்டுட்டேன்னு சொல்லி அலாரம் 4 அடிக்கும். நார்மலி குளோஸ்டுல ஒரு நிம்மதி என்னன்னா வயர் அறுந்தாலும் மெஷின் நின்னுடும், நார்மலி ஓப்பனா இருந்தா நேரா ஜாபுக்குள்ள எறங்கி ஸ்டைலஸ ஒடச்சிருக்கும். அவன் குடுத்த வயர் வெறும் சாதா வயர், மோட்டர் வயர் பக்கத்துல போனப்ப சும்மா சும்மா ட்ரிகர் ஆச்சு, ஷீல்டு வயர் மாத்தி ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டப்புறம்தான் அடங்குச்சு.

அடுத்து கேலிப்ரேஷன். ரிங் கேஜ் (அளவு துல்லியமா தெரிஞ்ச வளையம்) வாங்க வசதியில்லாதவங்களுக்கு என் ஐடியா, ஒரு புது 6202 பேரிங் வாங்கிக்கோங்க, உள் ஓட்டை 15 மிமீ, சாதா கிரேடுலயே 8 மைக்ரான் வரைக்கும்தான் கம்மியா இருக்கும், அந்த காசுக்கு இதவிட நல்ல கேஜ் கெடைக்காது. ஓட்டைக்குள்ள விட்டு ரெண்டு பக்கமும் ஜி38.2 கமாண்டுல (தொடுற வரைக்கும் நகரச் சொல்றது) முதல்ல வேகமா, அப்புறம் கொஞ்சம் பின்னாடி வந்து மெதுவா தொட்டேன், நகர்ந்த தூரம் 13.06. 2 மிமீ பாலுக்கு 13.00தான வரணும்? பட்டதுக்கப்புறம் சர்க்யூட் விடுபடுற வரைக்கும் மெஷின் இன்னும் கொஞ்சம் நகருது, கூடவே மெஷின நகர்த்துற ஸ்குரூல இருக்கிற பேக்லாஷும் (திசை மாறுறப்ப வர்ற லூசு) அதுல சேந்துக்கும். அதனால மென்பொருள்ல பால் சைஸ் 2ன்னு போடாம 1.94ன்னு போட்டேன். அதே பேரிங்கோட வெளி விட்டம் 35, அதையும் அளந்து பாத்தேன், கிட்டத்தட்ட சரியா வந்துச்சு, செம குஷி.

அந்த குஷிலதான் மாட்டுனேன். 80 மிமீ அகலத்துல ஒரு பிளேட் வெட்டி, கழட்டாம அப்படியே ப்ரோப் வச்சு அளந்தேன், 80.00. போட்டோ எல்லாம் எடுத்து பட்டறை வச்சிருக்கிற அண்ணனுக்கு அனுப்பிட்டேன். மறுநாள் அவர் மைக்ரோமீட்டர் வச்சு பாத்துட்டு, "தம்பி, 79.88 இருக்குடா" அப்படிங்கிறாரு. எனக்கு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. அப்புறம்தான் உறைச்சுது, வெட்டுனதும் அதே ஸ்குரூ, அளந்ததும் அதே ஸ்குரூ, தான் எழுதுன பரீட்சைய தானே திருத்துனா நூத்துக்கு நூறுதான் வரும். 15, 35ன்னு சின்ன தூரத்துல ஸ்குரூ தப்பு கம்மியாத்தான் இருந்துச்சு, நான் கண்டுக்கல, 80 போனதும் பல்ல இளிச்சிருச்சு. மைக்ரோமீட்டர் அளவ வச்சு எக்ஸ் ஆக்ஸிஸ்ல ஒரு மிமீ நகர மோட்டர் எடுக்கிற 800 ஸ்டெப்ப 801.2ன்னு மாத்துனேன், இப்ப பரவால்ல. ஆனாலும் ஃபிட்டிங் சைஸ்க்கு ப்ரோப் சொல்றத நம்புறத விட்டுட்டேன், மைக்ரோமீட்டர்தான்.

அப்போ ப்ரோப் வேஸ்டான்னா இல்லவே இல்ல. ஓட்டை சென்டர் எடுக்கிறது, ஜாப் கோணலா மாட்டியிருக்கான்னு பாக்கிறது, திருப்பி போட்ட ஜாபுக்கு மறுபடி ஜீரோ எடுக்கிறது, இதுல ராஜா. முன்னாடி கால் மணி நேரம் தடவிட்டிருந்தது இப்ப ஒரு நிமிஷம், ஓட்டையும் தள்ளிப்போறதில்ல. பிளைவுட், அக்ரிலிக் மட்டும் வெட்டுறவங்க வாங்காதீங்க, முதலைக் கிளிப் வச்ச டச் பிளேட் (கட்டர் பட்டா சிக்னல் குடுக்கிற தகடு) ஒண்ணு போதும்.

3018 வச்சிருக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னாடி உயரத்த அளந்து பாருங்க. இசட் (மேல கீழ) நகர்றதே 45 மிமீதான், ப்ரோப்பும் ஸ்டைலஸும் சேந்து நீளமா தொங்கும், என் வைஸ் வச்சா எடமே இல்ல, ஜாப நேரா பெட்லதான் கிளாம்ப் போடுறேன். ஸ்டைலஸ் ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கிக்கோங்க, எம்2 திரெட்தான், நான் ஜாக் பண்றப்ப (பட்டன் அழுத்தி மெஷின நகர்த்துறப்ப) கிளாம்ப்ல இடிச்சு ஒண்ண வளச்சாச்சு. அப்புறம் ப்ரோப் மாட்டியிருக்கிறப்ப ஸ்பிண்டில் (கட்டர சுத்துற மோட்டர்) ஆன் ஆச்சுன்னா கத முடிஞ்சுது, ஒரு தடவ நூலிழைல தப்பிச்சேன். அதுலேருந்து ஸ்பிண்டில் வயரோட ப்ளக் கனெக்டர் துண்ட ப்ரோப் டப்பாவுக்குள்ளயே போட்டு வைக்கிறேன், ப்ரோப் வெளிய வந்தா ப்ளக் உள்ள போகணும்.