மரபணு ஆலோசனைச் சேவை: விளக்கத்தில் நிறைவு, வழிகாட்டலில் குறை

என் தங்கையின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதை ரத்தப் பரிசோதனை உறுதிசெய்த பிறகு, சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் மரபணு ஆலோசனைப் பிரிவுக்கு நானும் உடன் சென்றிருந்தேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

ஆலோசகர் குழந்தையைக் காட்டியே பேச்சைத் தொடங்கினார். வெளிமுனை சற்று மேலேறிய கண்கள், கண்ணின் உள்மூலையில் விழும் தோல்மடிப்பு, தட்டையான மூக்குத்தண்டு, சிறிய காதுகள், குட்டையான கழுத்து, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகன்ற இடைவெளி, தூக்கினால் துவளும் தசைத்தளர்வு என ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினார். உள்ளங்கையின் குறுக்கே ஓடிய ஒற்றை ரேகையைக் காட்டியபோது, சம்பந்தியம்மா தம் கையை விரித்துப் பார்த்தார். அவருக்கும் அதே ரேகை இருந்தது. தனியோர் அடையாளத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, பல அடையாளங்கள் சேர்ந்து வரும்போதுதான் ஐயம் எழுகிறது, அதையும் உயிரணுக்களில் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களின் பரிசோதனையே முடிவுசெய்கிறது என்பது அப்போது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

அடுத்து, குழந்தையின் குரோமோசோம் படத்தை மேசைமேல் வைத்தார். வழக்கமான 46-க்குப் பதில் அதில் 47 இருந்தன. 21ஆம் எண்ணுக்குரிய இடத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று. ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இப்படித்தான், கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாததால், பெரும்பாலும் கருமுட்டையின் வழியாக, இந்நிலை ஏற்படுகிறது. 3 முதல் 4 விழுக்காட்டினருக்குக் கூடுதல் 21ஆம் குரோமோசோம் வேறொன்றுடன் ஒட்டியிருக்கும். அந்த வகையில் மட்டுமே பெற்றோரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். மிகச் சிலருக்கு உடலின் சில உயிரணுக்களில் மட்டும் அது காணப்படும். தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது: 35 வயதில் ஏறக்குறைய 350 பேரில் ஒருவருக்கும், 40 வயதில் 100 பேரில் ஒருவருக்கும்.

கிரகணத்தன்று மருமகள் வெளியே போனதால் வந்ததா என்று சம்பந்தியம்மா கேட்டதை நான் தயங்கியபடிதான் மொழிபெயர்த்தேன். ஆலோசகர் முகம் மாறாமல், இந்தப் பிழை பெரும்பாலும் கரு உருவாகும் முன்பே நேர்ந்துவிடுகிறது, அதன்பின் தாய் உண்டதோ பார்த்ததோ காரணமல்ல என்றார். அந்த ஒரு பதிலுக்கே கட்டணம் தகும்.

ஆனால் குறைகளும் உண்டு. காத்திருப்பு நீண்டது, கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது என்பவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பிறவி இதயக்கோளாறு இருக்கும் நிலையில், இதய ஸ்கேன், தைராய்டு, செவித்திறன் பரிசோதனைகளைக் கடைசி நேரத்தில், கதவருகே நின்றபடி சொல்லி முடித்ததுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. முன்பதிவின்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இதய ஸ்கேனுக்குத் தேதி வாங்காமல் அறையைவிட்டு எழாதீர்கள்.