மருந்துச் சீட்டில்லாமல் கருக்கலைப்பு மாத்திரை விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள் (கடலூர்)

கடலூரில் ஓர் ஆங்கில மருந்துக்கடை எங்களிடம் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு என் உயிரோடு விளையாடியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய கையோடு எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய, நாம் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போய் நிற்கிற கடைதான்.

மகளுக்கு இன்னும் இரண்டு வயது நிறையாததால், இந்தக் கருவைக் கலைத்துவிடலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று அரசு மருத்துவமனைக்குப் போகத் தயங்கிய எங்களை அந்தக் கடைக்காரரின் கனிவுதான் நம்பவைத்தது. கல்லாவை விட்டு எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா நீ. டாக்டர், ஸ்கேன்னு அலைய வேணாம். ராத்திரி நாலு மாத்திரை, காலையில எல்லாம் முடிஞ்சிடும்" என்றார். அட்டையிலிருந்து பிரித்துக் காகித உறையில் போட்டுத் தந்த மாத்திரைகளுக்குப் பில் கேட்டபோது, பில் போட்டால் உங்கள் பெயர்தான் வெளியே வரும் என்று, எங்கள் நன்மையை எண்ணிப் பேசுபவரைப் போலவே பதில் சொன்னார். எத்தனை வாரம் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை.

இரத்தப்போக்கு நிற்காமல் காய்ச்சலும் சேர்ந்துகொண்டபோது கணவர் தொலைபேசியில் அழைத்தார். "அப்படித்தான் இருக்கும், இளநீர் கொடுங்க" என்றார்கள். நேரில் போனபோது முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். மறுபடியும் போய்ச் சற்றுக் குரலை உயர்த்தியதும், "எங்க கடையில வாங்குனதுக்கு என்ன ஆதாரம்?" என்று அதே மனிதர், 6,500 ரூபாயை எண்ணி வாங்கிய அதே மனிதர், முகம் மாறாமல் கேட்டார்.

அரசு மருத்துவமனையில், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது சொல்வதற்கு எனக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. முறையான அட்டையில் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றும் மிசோப்ரோஸ்டால் நான்கும் இருக்கும் என்றும், முதலாவதை உட்கொண்டு ஓரிரு நாள் கழித்தே மற்ற நான்கையும் எடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். எனக்குத் தந்த நான்கும் ஒரே உருவில் இருந்ததால், முதல் மாத்திரையையே கடையில் தரவில்லை என்று அவர் ஐயப்பட்டார். நம் நாட்டில் இந்த மாத்திரைகளுக்கு 9 வாரம் வரைதான் ஒப்புதல். எனக்கோ ஸ்கேனில் 11 வார வளர்ச்சி தெரிந்தது. பாதி கலைந்து மீதி கருப்பையிலேயே தங்கியிருந்தது. கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்து உயிரே போகலாம், அதைக் கண்டறியத்தான் முதலில் ஸ்கேன் என்றும் விளக்கினார். சுரண்டி எடுக்கும் பழைய முறையை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை என்பதால், உறிஞ்சி எடுக்கும் முறையில் மிச்சத்தை அகற்றினார்கள். சில நிமிட வேலைதான். முறையாகச் செய்தால் மாத்திரையும் சரி, இந்த முறையும் சரி, பாதுகாப்பானவை, அடுத்த பிள்ளைப்பேற்றைப் பாதிக்காது என்ற அவருடைய சொல் எனக்குப் பெரிய ஆறுதல். இத்தனைக்கும் அங்கே ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. கடையில் கொட்டியதோ 6,500 ரூபாய்!

பெயர் வெளியே வந்துவிடும் என்று கடைக்காரர் காட்டிய பயமும் பொய். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டபின், பெண்ணின் பெயரை வெளியிடும் டாக்டருக்கே தண்டனை உண்டு. 18 வயது நிறைந்தவளுக்கு அவளுடைய சம்மதம் போதும். கணவரின் கையெழுத்துகூடத் தேவையில்லை.

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. மருந்துச் சீட்டு கேட்காத கடையில் இந்த மாத்திரையை வாங்காதீர்கள். பிரித்த மாத்திரையைத் தொடாதீர்கள், பில்லை விடாதீர்கள். ஸ்கேனும் இரத்தப் பிரிவுச் சோதனையும் முதலில். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், கடைக்காரரை அல்ல, 108ஐ அழையுங்கள். மருந்து ஆய்வாளருக்கு நாளை புகார் போகிறது.