ஃபயர்பாக்ஸில் நான்கு வருட பிராக்ஸி: ஒரு மேற்கோள் குறி செய்த வேலை

வீட்டிலிருந்து ஆய்விதழ்களைப் படிக்க பிராக்ஸி எப்படிப் போடுவது என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். நான்கு வருடமாக ஃபயர்பாக்ஸில் இதைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பதிப்பாளர்கள் கல்லூரியின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் கட்டுரையைத் திறந்துவிடுகிறார்கள். பிராக்ஸி போட்டால் நம் கோரிக்கை கல்லூரி சர்வருக்குப் போய், அங்கிருந்து அதன் முகவரியோடு கிளம்புகிறது. குரோம் விண்டோஸின் பிராக்ஸி அமைப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். அங்கே மாற்றினால் கணினியில் வேறு சில மென்பொருள்களும் அதே வழியில் போக ஆரம்பித்துவிடும். ஃபயர்பாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் ஜெனரல் பகுதியின் கடைசிக்குப் போனால் நெட்வொர்க் செட்டிங்ஸ் இருக்கும். அங்கே போடுவது அந்த உலாவிக்கு மட்டும்தான். இந்த ஒன்றுக்காகவே நான் அதை விடவில்லை.

முதல் வருடம் மேனுவல் முறையில் சர்வர் பெயரும் 3128 என்ற போர்ட் எண்ணும் போட்டு வைத்திருந்தேன். ஸ்குவிட் என்ற பிராக்ஸி மென்பொருளில் வழக்கமாக இருக்கும் எண் அது. ஆனால் இப்படிப் போட்டால் எல்லாத் தளமும் கல்லூரி வழியாகத்தான் போகும். மறையாக்கம் செய்த ஹெச்டிடிபிஎஸ் தளங்களில் உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது சர்வருக்குத் தெரியும். ஒருநாள் அப்பாவுக்குத் தட்கல் எடுக்க காலை 10 மணிக்கு உட்கார்ந்தால், பிராக்ஸி சர்வர் இணைப்பை மறுக்கிறது என்று வந்தது. அங்கே சர்வர் நின்றிருக்கிறது, இங்கே எனக்கு எதுவுமே திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே பேக் (PAC) கோப்புக்கு, அதாவது எந்தத் தளம் எந்த வழியில் போக வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் கோப்புக்கு, மாறினேன். 1996-இல் நெட்ஸ்கேப் உலாவியின் காலத்தில் வந்த விஷயம். சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, உள்ளே ஒரே ஒரு ஃபங்ஷன். இந்தத் தளம் என்றால் பிராக்ஸி, மற்றதெல்லாம் நேரடி என்று எட்டு வரி எழுதினேன். அப்புறம் மூன்று வருடம் அதைத் தொடவே இல்லை. ஆய்விதழ் கல்லூரி வழியாக, வங்கியும் ரயில் டிக்கெட்டும் வீட்டு இணைப்பில். நானாக எதையும் போட்டு அணைக்க வேண்டியதில்லை. இவ்வளவு பழைய ஏற்பாடு இவ்வளவு சுத்தமாக வேலை செய்வதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

இன்று காலை அந்தக் கோப்பில் ஒரு புதுப் பதிப்பாளரின் தளத்தைச் சேர்த்தேன். நெட்வொர்க் செட்டிங்ஸில் ரீலோட் பொத்தானை அழுத்தினேன். எல்லாத் தளமும் நன்றாகத் திறந்தது, ஆனால் ஒவ்வொரு கட்டுரையிலும் பணம் கட்டச் சொல்லிப் பக்கம் வந்தது. சந்தா முடிந்துவிட்டதோ என்று நூலகத்துக்குப் போன் செய்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். குக்கீகளை அழித்தேன். ஒரு மணி நேரம் கழித்து கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே அழுத்தி உலாவி தன் பிழைகளை எழுதிவைக்கும் பிரவுசர் கன்சோலைப் பார்த்தபோதுதான் பேக் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி கிடைத்தது. தளத்தின் பெயருக்குப் பின்னால் மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருக்கிறேன். கோப்பு பிழையானால் ஃபயர்பாக்ஸ் அதை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் நேரடியாக அனுப்புகிறது. பிழை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிராக்ஸி சர்வர் நின்றால் பக்கம் முழுக்க எச்சரிக்கை காட்டுகிற உலாவி, இதற்கு மட்டும் கன்சோலில் ஒரு வரி எழுதிவிட்டு சும்மா இருப்பது என்ன நியாயம்? பிராக்ஸி இருக்கிறது என்று நம்பித்தானே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்!

மூன்று வருடம் சொன்னபடி உழைத்த கோப்புதான். இருந்தாலும் நண்பருக்கு இப்போதுதான் பதில் அனுப்பினேன்: "பேக் எல்லாம் வேண்டாம். மேனுவலே போடுங்கள். படிக்கும்போது போட்டு, முடித்ததும் எடுத்துவிடுங்கள். வேலை செய்யவில்லை என்றால் அதுவாவது வாயைத் திறந்து சொல்லும்."