ஃபைபர் படகுக்குப் பாலிஷ் மெஷின்: ரோட்டரியா, டி.ஏ.யா?

பினாங்கின் பத்து மாவுங் என்ற ஊரில் எங்கள் ஃபைபர் படகைக் கரையேற்றியதும், எந்த மெஷின் வாங்குவது என்று மைத்துனருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். அவர் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன், அதாவது இரட்டை அசைவு) என்றார், நான் நேராகச் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி என்றேன். ரோட்டரிதான் வாங்கினோம். இன்றும் என் ஓட்டு அதற்கே.

டி.ஏ. சுழன்றுகொண்டே ஆடும். ஒரே இடத்தில் சூடு சேராது, வளையக் கோடும் அவ்வளவாக விழாது, புதியவர் கைக்கும் அடங்கும். கார் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டாடுவது நியாயம்தான்.

படகு வேறு கதை. பினாங்கு வெயிலில் நின்ற ஜெல்கோட்டை, அதாவது ஃபைபர் படகின் வெளிப்பூச்சைத் தடவினால் கையெல்லாம் வெள்ளை மாவு. அந்தச் செத்த அடுக்கை எடுத்தால்தான் பளபளப்பு வரும். எடுக்க இடமும் இருக்கிறது: கார் பூச்சின் மேலடுக்கு 0.05 மி.மீ. அளவுதான், ஜெல்கோட் சுமார் அரை மி.மீ. இருக்கும். ஆனால் டி.ஏ.யைக் கொஞ்சம் அழுத்தினால் பேட் (தேய்க்கும் மெத்தை) சுழல்வதை விட்டுவிட்டு வெறுமனே அதிர்கிறது. முன்பக்க வளைவில் இன்னும் மோசம். சந்தேகமிருந்தால் பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது கோடு தெளிவாகத் தெரிந்தால் சுழற்சி நின்றுவிட்டது, வேலையும் நின்றுவிட்டது. ரோட்டரியில் மோட்டார் நேராக கியர் வழியே பேடைச் சுற்றுவதால் இந்தத் தொல்லை இல்லை. கியர் வைத்துச் சுற்றும் டி.ஏ.வும் உண்டு, அதை நான் பிடித்துப் பார்த்ததில்லை.

ரோட்டரிக்குக் கம்பளி பேட், நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று போதும். பேடைத் தட்டையாக வைத்து, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்புகளில் ஜெல்கோட் மெலிதாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். நிழலில் செய்யுங்கள், வெயிலில் காம்பவுண்டு (தேய்க்கப் பூசும் பசை) காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பேடில் காம்பவுண்டு அப்பிக்கொண்டால் முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து விடுங்கள், இல்லையென்றால் அது சூட்டைத்தான் கிளப்பும்.

வீட்டில் கிடக்கும் கிரைண்டரிலேயே பேட் மாட்டலாமே என்று கேட்பார்கள். வேண்டாம், சின்ன கிரைண்டர் 11,000 சுற்று ஓடும், ஜெல்கோட் கருகிவிடும். அமெரிக்காவிலிருந்து வரும் மலிவு மெஷின்களில் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், நம் 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

எங்களுடையது வெள்ளைப் படகு, ரோட்டரி விடும் கோடுகள் கண்ணில் படுவதில்லை. கருநீலப் படகில் அவை பளிச்சென்று தெரியும். அதற்கு ரோட்டரியில் செத்த அடுக்கை எடுத்துவிட்டு, அப்புறம் டி.ஏ.யில் ஸ்பாஞ்சு பேட் போட்டு ஒரு சுற்று ஓட்டுவது நல்லது. அதற்காக மட்டும் டி.ஏ. வாங்க வேண்டாம், கார் வைத்திருக்கும் யாரிடமாவது இரவல் கேளுங்கள்.