வடகடலா தென்கடலா: ராமநாதபுரம் கரையில் குடும்பத்தோடு கூடாரம் அடிக்க எந்த இடம்?

ராமநாதபுரம் கரையில் தங்க இடம் தேடுகிறவர்கள் கழிவறை உண்டா, வண்டி நிறுத்தலாமா என்று கேட்பார்கள். இங்குள்ள மீனவர்கள் முதலில் பார்ப்பது காற்றை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா; பாம்பன்காரர்கள் பேச்சில் வடகடல், தென்கடல். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அக்டோபரில் வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்று திரும்பினால் எல்லாம் தலைகீழ். மாசி, பங்குனியில்தான் இரண்டும் ஓரளவு அடங்கியிருக்கும். ஆகவே தேதியை முடிவு செய்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வடகடலில் குடும்பங்களுக்கு முதல் தேர்வு அரியமான். ராமநாதபுரம்–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே திரும்பினால் போதும். சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது, இந்தக் கரையில் அது பெரிய சொத்து. கடலும் வெகுதூரம் வரை இடுப்பளவுதான், சின்னப் பிள்ளைகளை இறக்கலாம். தென்கடலில் அதற்கு ஈடாக வைக்கத்தக்கது வாலிநோக்கம் பக்கம். கூட்டம் இல்லை, மணல் சுத்தம், தண்ணீர் தெளிவு. ஆனால் நிழல் என்றால் பனையும் உடைமரமும்தான். பெரிய கடைகளுக்கு ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் போக வேண்டும். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்து, ஜனவரி, பிப்ரவரியில் போவதாக இருந்தால் வாலிநோக்கம். கோடை விடுமுறைக்கு யோசிக்கவே வேண்டாம், அரியமான்தான்.

அரியமானிலும் ஒரு பொறி உண்டு. கச்சான் காலத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். தண்ணீர் சலனமில்லாமல் இருப்பதைப் பார்த்து, காற்றடைத்த டியூபில் பிள்ளையை உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் டியூப் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடும். அந்த மாதங்களில் டியூபுக்குக் கயிறு கட்டிக் கரையில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அல்லது டியூபையே கொண்டுபோகக் கூடாது. வாடை மாதங்களில் தொல்லை வேறு: கடற்புல்லும் பாசியும் கரையில் ஒதுங்கி அழுகி நாற்றமடிக்கும், தண்ணீரும் கலங்கியிருக்கும். கலங்கிய ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மணலுக்குள் படுத்திருக்கலாம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். குத்திவிட்டால், தாங்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூடாரம் எங்கே அடிப்பது? கரையில் காய்ந்த பாசி ஒரு கோடாகக் கிடக்கும். தண்ணீர் ஏறி வந்த எல்லை அது. அதற்கு மேலே குறைந்தது முப்பது அடி தள்ளி அடியுங்கள். வாசல் காற்று வரும் பக்கத்தைப் பார்க்காமல் மறுபக்கம் இருக்கட்டும். கூடாரத்தோடு வரும் ஏழு அங்குல ஆணி இந்த மணலில் ராத்திரி இரண்டு மணிக்குள் கழன்றுவிடும். பழைய அரிசிப் பையில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். நாலு மூலைக்கும் காற்று வரும் பக்கத்துக்குமாக ஆறு பைகள் போதும். வாலிநோக்கம் பக்கத்தில் அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது: தரையைத் துடைப்பத்தால் கூட்டுங்கள். சீமைக் கருவேல முள் மெல்லிய கூடார அடிப்பாகத்தையும் காற்று மெத்தையையும் மட்டுமல்ல, டயரையும் பதம் பார்க்கும். கனமான தார்ப்பாய் விரித்து அதன்மேல் அடிப்பதே சரி. இரண்டு இடத்திலும் ராத்திரி தங்குவதாக இருந்தால் உள்ளூர் ஊராட்சியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு கரையும் ஒன்றுதான், உப்பு. மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். அதனால்தான் தனுஷ்கோடியில் கையால் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் வருகிறது, ஆழமாகப் போர் போட்டால் உப்பு ஏறுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 4 லிட்டர், சமைக்க 3, பாத்திரத்துக்கு 3, கடலில் குளித்தபின் உப்பைக் கழுவ 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு 160 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. ராமநாதபுரத்திலேயே ஏற்றிக்கொண்டால் அலைச்சல் இல்லை.

கேரவன், டெம்போ டிராவலர் கொண்டுவருகிறவர்களுக்குக் கணக்கு மாறும். அந்த வண்டிகளுக்குக் கடற்கரையே தேவையில்லை. கெட்டித் தரையும் மின்சாரமும் உள்ள ராமேஸ்வரம் விடுதி வளாகமே மேல். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள், திருப்பக்கூட இடமிருக்காது. பாம்பன் பாலத்தில் காற்று பலமாக இருந்தால் உயரமான வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும். கூரைமேல் கட்டிய சாமான்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டு மெதுவாக ஏறுங்கள். ஏசியை ராத்திரி முழுக்க ஓட்ட 16 ஆம்பியர் பிளக் வேண்டும். இணைப்பு வயர் 2.5 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும், சுருளாக வைக்காமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருளிலேயே விட்டால் சூடேறி உருகும்.

அரியமானுக்கு வேனில் போனாலும் தாரோ கிராவலோ உள்ள இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணலில் சிக்கினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் சக்கரம் கீழே இறங்கும். காருக்கு டயர் காற்றை 32லிருந்து 18க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வெட்டி, பனை மட்டையையோ சாக்கையோ திணித்து, முதல் கியரில் மெல்ல நகர்த்துங்கள். மறுபடி காற்றடிக்காமல் நெடுஞ்சாலையில் ஏறினால் டயர் சூடாகி வெடிக்கலாம். கையில் பம்ப் இல்லாதவர்கள் காற்றை இறக்கும் யோசனையையே விட்டுவிடலாம்.

தனுஷ்கோடியை யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், இரண்டு கடலும் சேரும் அரிச்சல்முனை. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் மாலையில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், கூடாரம் அடிக்க வழியில்லை. அரிச்சல்முனையில் நீரோட்டமும் மோசம், குளிக்கக் கூடாது. ராமேஸ்வரத்தில் தங்கி, விடிந்ததும் போய் வெயில் ஏறுமுன் திரும்புவதே நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். தென்கடல் கரையில் தங்கினால் ராத்திரி கடலைப் பார்த்து விளக்கு எரியவிடாதீர்கள்.

தொண்டி வழியிலுள்ள காரங்காடு பகல் இடம். வனத்துறை நடத்தும் படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றி, ஊர்ப் பெண்கள் சமைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். சேறும் கொசுவும் உள்ள இடத்தில் ராத்திரி தூக்கம் வராது.

சமையலுக்கு மீன் வாங்குவதென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். விடியற்காலையில் கரைக்கே போனால் நல்ல மீனாகக் கிடைக்கும்.

கிளம்பும் நாளில் 20 லிட்டர் தண்ணீரை மிச்சம் வையுங்கள். கூடார ஜிப்பை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்காவிட்டால் உப்பு பிடித்து அடுத்த முறை திறக்காது. வண்டியின் அடிப்பாகத்தை ராமநாதபுரம் தாண்டுவதற்குள் தண்ணீர் சர்வீஸுக்கு விட்டுவிடுங்கள்.