கல்லு டிரெஸ்ஸிங்: பாஸிடம் பழகுவதா, வகுப்பில் படிப்பதா?

கிரைண்டர் கல்லு மழுங்கிப் பளபளத்துவிட்டால் இரும்பை வெட்டாது, சூடுதான் ஏற்றும். தீட்டும் டூல் பிட்டின் (லேத்தில் வெட்டும் உளி) முனை நீலம் பாய்ந்தால், டிரெஸ்ஸிங், அதாவது கல்லின் முகத்தைச் சுரண்டிப் புதுக்கூர் எடுப்பது, எப்போதோ செய்திருக்க வேண்டும். கொழும்பில் இதைப் பழக, பஞ்சிகாவத்தை, கிராண்ட்பாஸ் பக்கத்து லேத் பட்டறைகளில் ஒரு பாஸுடன் (கைதேர்ந்த தொழிலாளி) நிற்கலாம். இல்லை, 1893இல் தொடங்கிய மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி, நைட்டா என்ற தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச இடங்களுக்குப் போகலாம்.

பென்ச் கிரைண்டருக்கு என் வாக்கு பாஸுக்குத்தான். அங்கே பாவிப்பது நட்சத்திரச் சில்லு டிரெஸ்ஸர், நுனியில் பல் வைத்த சில்லுகள் சுழலும் கைக்கருவி. கல்லுக்கு முன்னால் வேலைப்பொருளைத் தாங்கும் ரெஸ்ட்டைச் சற்றுப் பின்னுக்கு எடுத்து, டிரெஸ்ஸரின் கொக்கியை அதன் விளிம்பில் மாட்டி, அழுத்திப் பிடித்து இடம் வலமாக நகர்த்த வேண்டும். பயந்து மெல்லத் தொட்டால் கல்லு அப்படியே இருக்க, பொறி பறந்து சில்லுதான் தேயும். எவ்வளவு அழுத்துவது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. கல்லு வட்டம் பிசகியிருந்தால் சத்தம் விட்டு விட்டு வரும். "இன்னும் தட்டுது தம்பி, நிப்பாட்டாத" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னால்தான் காது பழகும். யூடியூப்பில் கை போகும் திசை தெரியும், அழுத்தம் தெரியாது.

தட்டையான பரப்பை நுட்பமாகத் தேய்க்கும் சர்ஃபேஸ் கிரைண்டர் என்றால் கதை வேறு. அங்கே டிரெஸ்ஸர் ஒற்றை முனை வைரம். அதைக் கல்லு சுற்றும் திசைக்குச் சாய்வாக 10 முதல் 15 பாகை வைத்து, ஒரு தடவைக்கு 0.01 முதல் 0.025 மி.மீ. மட்டும் இறக்க வேண்டும். வேகமாக நகர்த்தினால் கல்லு நன்றாக வெட்டும், மெதுவாக நகர்த்தினால் வேலைப்பொருள் வழுவழுப்பாக வரும். கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) விட்டால் நிற்காமல் விட வேண்டும். சூடேறிய வைரத்தில் இடையில் ஊற்றினால் வெடித்துவிடும். வைரத்தை அவ்வப்போது திருப்பி வைக்காவிட்டால் அதுவும் மொட்டையாகும். இதையெல்லாம் கணக்கோடு படிப்பதுதான் நல்லது. ஆனால் ஒரு மெஷினைச் சுற்றிப் பலர் நிற்கும் வகுப்பில் கை பழக நேரம் போதாது.

சான்றிதழை நினைத்து வகுப்புக்கு ஓடத் தேவையில்லை. பட்டறையில் பழகியவரும் வேலையில் கற்றதைச் சோதித்து ஏற்கும் முன்கற்றல் மதிப்பீட்டின் வழியாகத் தேசிய தொழிற் தகைமைச் (NVQ) சான்றிதழ் எடுக்கலாம்.

பாதுகாப்பில் மட்டும் பாஸ்மாரைக் கண்ணை மூடி நம்ப மாட்டேன். புதுக்கல்லை மாட்டமுன் வெடிப்பு இருக்கிறதா என்று மரப்பிடியால் தட்டிச் சத்தம் கேட்பது, தூசுக்கு மாஸ்க் போடுவது எல்லாம் பல பட்டறைகளில் கிடையாது. டிரெஸ் பண்ணப் பண்ணக் கல்லு சிறுக்கும், ரெஸ்ட்டோடு இடைவெளி கூடும். அதை 3 மி.மீ.க்குள் திரும்ப நெருக்க வேண்டும். சேரமுன் பாஸின் கிரைண்டரை ஒருதரம் பாருங்கள். அந்த இடைவெளி விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் வேறு பட்டறை தேடுங்கள்.