பித்தக்குழாய் ஸ்டென்ட்: பிளாஸ்டிக்கா, மெட்டலா?

அப்பாவுக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி. அது பித்தக்குழாயை நெரித்ததில் கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்து, ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். அடைபட்ட பித்தக்குழாயைத் திறந்து வைக்க உள்ளே செருகும் சின்னக் குழாய்தான் ஸ்டென்ட். முதலில் பிளாஸ்டிக் வைத்தோம், பிறகு மெட்டல். அதனால் நான் மெட்டல் கட்சி.

இரண்டையும் வைக்கிற முறை ஒன்றேதான்: வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் ஈஆர்சிபி. விலையில் பிளாஸ்டிக் மலிவு. அது எல்லோருக்கும் தெரிந்ததே.

விஷயம் அடைப்பில் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாயின் மொத்தப் பருமனே சுமார் 3 மி.மீ. மெட்டல் வலை உள்ளே போய் 10 மி.மீ. வரை விரியும். குறுகிய குழாயில் பாக்டீரியா படலம் கட்டும், அதன்மேல் பித்தக் கசடு சேரும். அதனால்தான் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதுவரைகூடத் தாங்கவில்லை. பத்தாவது வாரம் ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது, காய்ச்சல் 103. பித்தக்குழாயில் தொற்று. அவசரமாக எடுத்த குழாயைக் காட்டினார்கள்: மை காய்ந்த ரீஃபில் மாதிரி, உள்ளே கரும்பச்சையாக இறுகிக் கிடந்தது. மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்னொரு ஈஆர்சிபி, கணைய அழற்சி வருமோ என்ற பயமும் கூடவே. ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறம் தரும் பித்தப் பொருள்) இறங்கும்வரை கீமோவும் தள்ளிப்போனது. மலிவு என்று வாங்கியதன் கணக்கு இது.

மெட்டல் வைத்து எட்டு மாதம் ஆகிறது, நடுக்கம் திரும்பவில்லை. அதற்காக அது அடைக்காது என்றில்லை. உறையில்லாத வலையின் கண்கள் வழியே கட்டி உள்ளே வளரலாம். அப்போது அதற்குள்ளேயே இன்னொன்று வைப்பார்கள். உறை போட்டது அப்படி அடைபடுவது குறைவு, ஆனால் நழுவலாம். உறையில்லாததை வைத்தபின் எடுப்பது கிட்டத்தட்ட முடியாது. அதனால் புற்றுநோய்தான் என்று உறுதிசெய்யும் பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வருமுன் அதற்கு அவசரப்படாதீர்கள்.

என் அனுபவம் புற்றுநோய் அடைப்போடு சரி. ஒரே தடவையில் எடுக்க முடியாத பெரிய கல், பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கசிவு இவற்றுக்கெல்லாம் சில வாரத் தேவைதான். அங்கே பிளாஸ்டிக்கே பொருத்தம். அத்தைக்குக் கசிவுக்கு வைத்ததை ஆறாவது வாரம் எடுத்தார்கள். வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார். உள்ளே இருப்பதே தெரியாததால், மறந்துபோய் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறவர்களும் உண்டாம்.